பந்தைக் கீழே போட்டவள்

அந்தக் கடையின் மூன்றாவது மாடியில், பொம்மைப் பிரிவு முடிந்து சமையல் சாமான்கள் தொடங்கும் இடத்தில், இரண்டு மேசைகள் எதிரெதிரே இருந்தன. ஒன்றில் ஒருவர் காலை பத்து மணியிலிருந்து தக்காளி சீவிக்கொண்டே இருப்பார். அவர் விற்றது சீவும் கருவியைத்தான். ஆனாலும் கடை முழுக்க அவருக்குப் பெயர் தக்காளிக்காரர். எதிர்மேசையில் மாயாஜாலப் பெட்டி விற்றவருக்குப் பெயர் விரல்காரர்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. நாணயம் ஒன்று அவருடைய விரல் கணுக்கள் மேல் நடந்து போகும். பாதி வழியில் காணாமல் போகும். பிறகு, வீட்டுக்குத் தானாகத் திரும்பிய பூனையைப் போல, மறு கையில் வந்து உட்கார்ந்திருக்கும். கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும். கை தட்டும். தட்டி முடித்ததும் நகரும் படிக்கட்டில் ஏறி நான்காவது மாடிக்குப் போய்விடும்.

"சார், இந்தக் கைதட்டலை நான் எந்தப் பையில போட்டுக் கட்டிக் குடுக்கிறது?" என்பார் மாடிப் பொறுப்பாளர்.

"ரசனை கெட்ட ஜனங்க. நல்லதைப் பாத்தா வாங்கத் தெரியல," என்பார் விரல்காரர்.

அவர் விற்றது முதன்முதலில் வித்தை கற்பவர்களுக்கான பெட்டி. உள்ளே மூன்று கிண்ணங்கள், சிவப்புப் பந்துகள், ஒரு முழக் கயிறு, தோல் நிறத்தில் உள்ளே குடைந்த ஒரு பிளாஸ்டிக் கட்டைவிரல். வித்தையைக் காட்டுவது இலவசம். பில் போட்ட பிறகுதான் ரகசியம். அதற்காக மேசைக்குப் பின்னால் நீலத் திரை ஒன்று தொங்கும். வாங்கியவரைத் திரைக்குள் அழைத்துப் போய், சோதனை முடிவைச் சொல்லும் மருத்துவரைப் போல, ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார்.

"இவ்வளவுதானா?" என்று வாங்கியவரின் முகம் தொங்கும்.

"இவ்வளவுதான்," என்று திரையை விலக்குவார். அந்தத் தொங்கிய முகத்தைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது. தன்னால் முடிந்தது இவர்களால் முடியாது என்பதற்கு அது ரசீது.

இருபத்திரண்டு வயதில் ஒரு தொழிற்சாலையின் ஆண்டுவிழா மேடையில் அவர் ஏறியிருக்கிறார். கை சொன்னபடி கேட்டது. வாய்தான் ஒட்டிக்கொண்டது. இருநூறு பேர் முன்னால் ஒரு வணக்கம்கூட வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு மேடை கிடையாது, மேசைதான். மேசையருகே கறுப்புக் கோட்டில் அவருடைய ஆளுயரப் படம், அட்டையில் வெட்டி நிறுத்தியது. பதினோரு வருடமாக அவரும் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சரக்கு விற்காத நாளில் இரண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியாது என்று தக்காளிக்காரர் சொல்வதுண்டு.

பள்ளி விடுமுறை தொடங்க நான்கு நாள் இருக்கும்போது அது நடந்தது. அவருடைய மச்சினன்தான் கடையின் வேன் ஓட்டுகிறவன். பெட்டிகளை இறக்கும்போது வேன் கதவைப் படாரென்று சாத்தினான். விரல்காரரின் வலது கை உள்ளே இருந்தது.

"மாமா கையை எடுத்துட்டாருன்னு நெனச்சேன்க்கா," என்றான் அக்காவிடம்.

"நெனப்புதான் பொழப்பக் கெடுக்குது, போடா."

இரண்டு விரலில் கட்டு. நாலு வாரம் கையை அசைக்கக்கூடாது. விடுமுறை மாதத்தில்தான் வருடத்தில் பாதிப் பெட்டி போகும். பொறுப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மேசை காலியாக் கெடந்தா மேல இருக்கறவங்க என்னைக் காலி பண்ணிடுவாங்க சார்."

"நான் நிக்கிறேன்," என்றாள் அவருடைய மனைவி.

அவள் சலவைக் கடையில் பத்து வருடம் இஸ்திரி போட்டவள். உள்ளங்கை தடித்து, விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கும். ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் கிண்ணத்தையும் பந்தையும் எண்ணி அடுக்கி ஒட்டுவது அவள்தான். அதனால் எல்லா ரகசியமும் அவளுக்குத் தெரியும், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிவதைப் போல.

விரல்காரர் சிரித்துவிட்டார். "நீயா? இஸ்திரிப் பெட்டி தூக்கின கையில பந்து நிக்குமா?"

"நின்னா நிக்குது, விழுந்தா எடுத்துக்கறேன். பந்து என்ன, கடிக்கவா போகுது?"

முதல் நாளே விழுந்தது. கிண்ணத்துக்குள் ஒளிய வேண்டிய பந்து அவள் விரல் சந்தில் வழுக்கி, மேசையில் துள்ளி, தக்காளிக்காரரின் காலடிவரை ஓடியது. கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"அய்யோ, மானத்தை வாங்குதே! அண்ணே, அதக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. வீட்ல ஒழுங்காப் பண்ணேங்க, உங்களப் பாத்ததும் அதுக்கு வெக்கம் வந்துருச்சு."

மறுபடி செய்தாள். இந்த முறை பந்து கிண்ணத்துக்குள் இருந்தது. தட்டுத்தடுமாறித்தான். முன்வரிசையில் நின்ற பருத்த மனிதர் ஒருவர் மனைவியைப் பார்த்து, "இத நானே பண்ணிடுவேன் போலிருக்கே," என்றார்.

"பண்ணுங்களேன்! நான் பண்றேன், நீங்க பண்ண மாட்டீங்களா?"

அவர் வாங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் வாங்கினார். மாலை ஆறு மணிக்கு அலமாரியில் பெட்டி இல்லை.

வீட்டில், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார் விரல்காரர். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததையெல்லாம் சொன்னாள். பந்து விழுந்த கதையைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு அடங்கவில்லை.

"பெட்டி எத்தனை போச்சு?"

"இருந்தது அத்தனையும்."

"மொத நாள் அப்படித்தான் இருக்கும். பாவம்னு வாங்கியிருப்பாங்க."

இரண்டாம் நாளும் பாவப்பட்டார்கள். மூன்றாம் நாளும். ஜனங்களுக்கு இத்தனை இரக்கம் இருக்கும் என்று அவர் பதினோரு வருடத்தில் கண்டதில்லை. மச்சினன் வேறு சாயங்காலம் வந்து, "மாமா, கடையில எங்க திரும்புனாலும் அக்கா பேச்சுதான். மத்தியானம் ரெண்டாவது தடவ சரக்கு இறக்கினேன்," என்றான்.

"இறக்கும்போது கதவைப் பாத்துச் சாத்து," என்றார் விரல்காரர்.

ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் மதியம் சட்டையை ஒரு கையால் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நேராக மேசைக்குப் போகவில்லை. தக்காளிக்காரரின் கருவிப் பெட்டிகள் அடுக்கியிருந்த மறைவில் நின்றுகொண்டார்.

வெட்டிய கயிற்றை மறுபடி ஒட்டவைக்கும் வித்தையை அவள் செய்துகொண்டிருந்தாள். கத்தரிக்கோலைப் பிடித்த விதமே தவறு. கயிற்றின் முனை விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல்காரருக்கு உடம்பு கூசியது. கூட்டத்துக்கு ஒன்றும் கூசவில்லை. வாங்கியவர்களைத் திரைக்குள் கூட்டிப்போனாள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். ஒரு நடுத்தர வயதுப் பெண் வெளியே வந்தபோது அவருடைய முகம் தொங்கியிருக்கவில்லை. யாரும் பார்க்காதபோது பழம் பறித்துவிட்ட சிறுமியின் முகம் அது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

அந்த முகத்தைத்தான் விரல்காரரால் பொறுக்க முடியவில்லை. அவரிடம் வாங்கியவர் ஒருவர்கூட அப்படி ஒரு முகத்தோடு வெளியே வந்ததில்லை.

"அழகே இல்ல," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

தக்காளிக்காரர் கையை நிறுத்தாமல் சொன்னார்: "அதனாலதான் சார் விக்குது. உங்க கை ராஜா கை. ராஜாவப் பாத்தா கும்பிடுவாங்க. நாமளும் ராஜா ஆயிடலாம்னு எவனாவது கிரீடம் வாங்குவானா? உங்க வீட்டம்மாவப் பாத்தா, அட, நம்ம கை மாதிரியே இருக்கேன்னு தோணுது. நானே தக்காளிய அழகாச் சீவினா ஒருத்தனும் வாங்க மாட்டான். காலையில ஒண்ணு ரெண்டு வேணும்னே கோணலாச் சீவுவேன்."

அப்போது பொறுப்பாளர் அவளுடைய மேசைக்கு வந்தார். "அம்மா, விடுமுறை முடிஞ்சதும் இந்த மேசை யாருக்குன்னு நான் எழுதிக் குடுக்கணும். ஒரு மேசைக்கு ஒரு ஆள்தான். உங்க படத்த ஒண்ணு எடுத்துக்கலாமா? இந்த அட்டை பழசாயிடுச்சு."

விரல்காரர் பின்பக்கப் படியில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கெட்ட யோசனைதான், ஆனால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தது. சாப்பிடும்போது அவளிடம் சொன்னார்: "நாளைலேர்ந்து காலையில ஒரு மணி நேரம் உக்காரு. ஒழுங்காச் சொல்லிக் குடுக்கறேன். பந்தைக் கீழ போடறது என் பேருக்கு அசிங்கம்."

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நெசமாவா? எனக்கா?"

"உனக்குத்தான்."

மறுநாள் ஆறு மணிக்கே குளித்து, தலையை முடிந்துகொண்டு அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் இடது கையால் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கினார். கிண்ணம் மூன்று, பந்து மூன்று என்று பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும்; உள்ளே இருப்பது நான்கு. அந்த நாலாவது பந்தை யாரும் பார்க்காமல் கிண்ணத்துக்குள் தள்ளுவதுதான் வித்தை. விரலை இறுக்காமல், நடுங்காமல், பந்து கையில் இருப்பதைக் கையே மறந்துவிட்ட மாதிரி. அவர் பொய்யாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அத்தனையையும் சரியாக, முழுதாக, ஆசையாகச் சொல்லிக்கொடுத்தார். அதுதான் அவர் செய்த துரோகம்.

அவள் கற்றுக்கொள்வாள் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்வாள் என்று தெரியாது. இஸ்திரி போட்ட கைக்குப் பொறுமை இருந்தது. ஒரு மடிப்பு சரியாக வரும்வரை விடாது. ஐந்தாம் நாள் பந்து விழவில்லை. ஏழாம் நாள் கயிறு வெட்டுப்பட்ட சுவடே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. பத்தாம் நாள் அவள் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு நாலாவது பந்தைத் தள்ளியபோது, எதிரே உட்கார்ந்திருந்த அவரே அதைத் தவறவிட்டார். "மறுபடி பண்ணு," என்றார்.

அன்று மாலை அவள் ஓடிவராத குறையாக வந்தாள். "ஏங்க, இன்னைக்குக் கை தட்டுனாங்க! மாடியே அதிர்ந்துச்சு!"

பெட்டி எத்தனை என்று அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள், கொஞ்சம் குரல் இறங்கி: "அஞ்சுதான் போச்சு. மழை பாருங்க, அதனால இருக்கும்."

மறுநாள் மழை இல்லை. நான்குதான் போயின.

அவர் எதிர்பார்த்தது நடந்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை. பெட்டி விற்காததுதான் அவருடைய கணக்கில் இருந்தது, கைதட்டல் இல்லை. அவருக்கென்று இருந்தது அந்த ஒன்று. இப்போது அதையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் செருப்போடு கழற்றிப் போடுகிறாள். தனியாக இருக்கும்போது, நாலு வாரம் முடியும் முன்பே கட்டை அவிழ்த்து, விரல்களில் நாணயத்தை நடக்கவிட்டுப் பார்த்தார். அது நடந்தது. ஆனால் அவருடைய கண், நாணயத்தைப் பார்க்காமல், அவளுடைய கை இதை எப்படிச் செய்யும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கடையில் அவள் பழையபடி பந்தைக் கீழே போட்டுப் பார்த்தாள். முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி சத்தமாகச் சொன்னாள்: "ஆன்ட்டி வேணும்னே போட்டாங்கம்மா!" கூட்டம் சிரிக்கவில்லை. கை கற்றுக்கொண்டதைக் கையால் மறக்க முடியவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பொறுப்பாளர். "இப்ப நீங்களும் சாரும் ஒண்ணுதான். சரி, விடுமுறையோட கடைசிச் சனிக்கிழமை போட்டி வெச்சுக்கலாம். ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு மணி நேரம். யாருக்குப் பெட்டி அதிகம் போகுதோ, அவங்களுக்கு மேசை."

அவர் போனதும் தக்காளிக்காரர் ஆதங்கப்பட்டார்: "உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேனேம்மா, அழகாப் பண்ணா விக்காதுன்னு. அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

"என்னைக்கு?"

"அன்னைக்கு மத்தியானம் இங்கதான் நின்னுட்டிருந்தாரு. கட்டோட."

வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, துடைத்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தக்காளிக்காரண்ணே உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"அந்த ஆள் ஆயிரம் சொல்வான்."

"அழகாப் பண்ணா விக்காதுன்னு சொன்னாரா?"

அவர் மேசையிலிருந்த நாணயத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதுக்கு மறுநாள்தானே எனக்குச் சொல்லிக்குடுக்க உக்காந்தீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழிச்சு இந்த மனுஷன் என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருன்னு நெனச்சேன். விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துரும் எனக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "பொறாமையா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, போய்த் தொலையுதுன்னு நானே வீட்ல இருந்திருப்பேன். இப்ப இருக்க மாட்டேன்."

சனிக்கிழமை மூன்றாவது மாடியில் நிற்க இடமில்லை. முதல் மணி நேரம் விரல்காரருடையது. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நாலு வாரப் பசியோடு கைகள் இறங்கின. இவ்வளவு சுத்தமாக அவர் என்றைக்கும் செய்ததில்லை. கைதட்டல் கேட்டு இரண்டாவது மாடியிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள். ஆறு பெட்டி போனது. அவருக்கு அது அதிகம்தான். கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு தக்காளிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் மேசைக்குப் பின்னால் போய்க் கிண்ணங்களைக் கவிழ்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூட்டத்துக்குக் காட்டினாள்.

"என் கைய எத்தன தடவ பாக்குறது? இன்னைக்கு நான் பண்ணப் போறதில்ல. உங்கள்ல ஒருத்தர்தான் பண்ணப் போறீங்க. அண்ணே, நீங்கதான், ஒளியாதீங்க. தலை தெரியுது."

உயரமான ஒருவர் தள்ளப்பட்டு முன்னால் வந்தார். லாரி ஓட்டுகிறவராம். பந்து அவருடைய விரல்களுக்கு நடுவில் மிளகு மாதிரி இருந்தது. கிண்ணத்துக்குள் வைக்கப் போனார்; பந்து உருண்டு ஓடியது. கிண்ணம் சாய்ந்து விழுந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணே, லாரிய இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"லாரி பரவால்லம்மா, சொன்ன பேச்சு கேக்கும்!"

"இதுவும் கேக்கும். இன்னொரு தடவ." சாய்ந்த கிண்ணத்தை அவள் நிமிர்த்தி, வாய் கீழாக அவருக்கு முன்னால் வைத்தாள். "இப்ப ஓரத்த லேசாத் தூக்கி ஒரு பந்த உள்ள தள்ளுங்க. ஊதுங்க. எடுங்க."

அவர் ஊதினார். எடுத்தார். உள்ளே இரண்டு பந்துகள். லாரிக்காரர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏய், நான்தான் பண்ணேன்!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். கூட்டம் அலைபாய்ந்தது. "எனக்கு, எனக்கு," என்று கைகள் நீண்டன.

கிண்ணத்தை நிமிர்த்திய அந்தக் கணத்தில் நாலாவது பந்து உள்ளே போயிருந்தது. எல்லோரும் லாரிக்காரரின் பெரிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கையைப் பார்த்தவர் அங்கே ஒருவர்தான். மடிப்பு கலையாத அசைவு. அப்படி ஒன்றைச் செய்துவிட்டு, கை தட்ட யாரும் இல்லாத இடத்தில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து ஒரு பெண் முன்னால் வந்தார். விரல்காரருக்கு அடுத்த நொடி தெரியும். அந்த நொடியில் அவர் பலமாக ஒரு கை தட்டினால் போதும். தவறான இடத்தில் ஒரே ஒரு கைதட்டல். நூறு தலைகளும் அவளுடைய விரலுக்குத் திரும்பும், பந்து வெட்டவெளிச்சமாகும், மேசை அவருக்கு. உள்ளங்கை அரித்தது. பொறாமை இருந்தது, அதில் பொய் இல்லை.

அவள் கிண்ணத்தை நிமிர்த்தும்போது நேராக அவரைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

அவர் இரண்டு கையையும் மடித்த கோட்டுக்குள் திணித்துக்கொண்டார். பந்து போனது. அந்தப் பெண் கிண்ணத்தை எடுத்து வீறிட்டார். மணி முடியும் முன்பே அலமாரியில் பெட்டி இல்லை.

"இன்னொரு நாள் இப்படி வித்தா இந்தக் கடையே தாங்காது," என்று பொறுப்பாளர் வந்து அவளிடம் சொன்னார். பிறகு விரல்காரரிடம் திரும்பி, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க, மேசை அம்மாவுக்குத்தான்," என்றார். அட்டைப் படத்தை இரண்டு பேர் வந்து தூக்கிப் போனார்கள். ஒருவன் காலைப் பிடித்திருந்தான், ஒருவன் தலையை.

கூட்டம் கரைந்தபின் அவள் தண்ணீர் பாட்டிலோடு இவர் பக்கம் வந்தாள்.

"யாருக்காவது தெரிஞ்சுதா?"

"இல்ல."

"உங்களுக்கு?"

"ரெண்டாவது தடவ சுண்டுவிரல் தூக்கிருச்சு," என்றார் விரல்காரர். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உங்களுக்கும்தான் தூக்கும்," என்றாள் அவள் மூடியைத் திருகிக்கொண்டே. "நான் வேற யார்கிட்ட கத்துக்கிட்டேன்?"